கல்வெட்டில் மணக்கும் கும்மாயம்

இறைவனுக்குப் படைத்த பின்னரே உண்பது தமிழர்தம் நெடுங்கால மரபு. அவ்வாறு படைக்கப்பட்ட அமுது எத்தகையது என்பதை நம் முன்னோர் கல்லிலேயே பொறித்து வைத்துள்ளனர். திருவிழாக் காலத்தில் உற்றாரும் நண்பரும் இல்லத்தில் ஒன்றுகூடி அப்பழைய அமுதைச் சமைத்துப் படைப்பது, பக்தியையும் மரபையும் ஒருங்கே வளர்க்கும் நற்பணியாகும்.

290 காசும் 580 கலம் நெல்லும்

தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்தில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் கல்வெட்டு உள்ளது. இறைவனுக்குத் திருவமுது படைக்க மன்னன் 290 காசுகளை இளங்கோக்குடிச் சபையாரிடம் அளித்தான். முதல் குறையாதிருக்க, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் வீதம் 580 கலம் நெல் வட்டியாக அளக்கப்பட்டது. இன்று மலேசிய, சிங்கப்பூர் ஆலயங்களில் உபயம் ஏற்கும் அன்பர்களுக்கு இச்செய்தி பெருமிதம் தரும்.

அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை ஆகியவற்றோடு காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி, பயறு கொண்டு ஆக்கும் கும்மாயம் என உணவு வகைகளையும் அக்கல்வெட்டு அடுக்குகிறது. மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி ஆகியவை அக்கறிகளுக்கு மணமூட்டின.

மிளகாய் அறியாத அடுக்களை

இப்பட்டியலில் மிளகாய் இல்லை. தக்காளியும் உருளைக்கிழங்கும் இல்லை. இவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1500ஆம் ஆண்டிற்குப் பின்னரே நம் நாட்டை அடைந்தவை. ஆகவே, பழைய முறையில் சமைக்க விரும்புவோர் வாழைக்காய், கத்தரிக்காய், அவரை போன்றவற்றைத் தேர்ந்து, மிளகின் காரமும் புளியின் சுவையுமே போதுமெனக் கொள்ளுதல் வேண்டும்.

கும்மாயம் செய்யும் முறை

கல்வெட்டு பொருளைக் கூறுகிறதேயன்றிப் பக்குவத்தைக் கூறவில்லை. இன்றைய இல்லத்திற்கு ஏற்ற எளிய முறை வருமாறு: ஒரு கிண்ணம் பாசிப்பயற்றை மணம் வரும்வரை வறுத்து, நன்கு குழைய வேகவைத்து மசிக்கவும். ஒன்றரைக் கிண்ணம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து, அரைக் கிண்ணம் நெய்யைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறவும். பயறு வேகுமுன் வெல்லத்தைச் சேர்த்தால் பின்னர் அது எளிதில் குழையாது.

இத்தகைய நுட்பங்கள் பெரியோர் கைப்பழக்கத்தில் வாழ்பவை. நைவேத்தியத்தைப் படைக்குமுன் சுவை பார்த்தல் கூடாது. உப்பும் இனிப்பும் சரியா என்பதை மணத்தாலும் நிறத்தாலும் அளவாலும் மட்டுமே அறிதல் வேண்டும். அந்த அறிவை நூலைப் படித்து எளிதில் பெற இயலாது. அடுப்பின் அருகே நின்றே பெற இயலும்.

1859இல் சிங்கப்பூர் டேங்க் சாலையில் தண்டாயுதபாணி ஆலயத்தை எழுப்பிய நகரத்தார் மரபில் கும்மாயம் இன்றும் வழங்குகிறது. அவர்கள் உளுந்து முதலியவற்றை வறுத்துத் திரித்த மாவில் அதனைக் கிண்டுவர். பொருள் சற்று மாறினும் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருப்பது வியப்புக்குரியது.

இளையோர் கடமை

ஆலய மடைப்பள்ளிக்கெனத் தனி விதிகள் உண்டு. அங்கு அமுது ஆக்குவது அதற்குரியவர் பணி. இல்லப் பூசைக்கோ அனைவரும் கைகொடுக்கலாம். நான்கைந்து குடும்பத்தினர் நீராடிக் கூடி, ஒருவர் காய் நறுக்க, ஒருவர் பயறு வறுக்க, மூத்த அம்மையார் ஒருவர் பக்குவம் சொல்ல, சிறுவர் அருகிருந்து கேட்டால் அதுவே சிறந்த சமய வகுப்பாகும்.

கல்லில் பொறித்த அளவு காலத்தை வென்று நிற்கும். கைப்பக்குவமோ ஒரு தலைமுறை கற்கத் தவறினால் மறைந்துவிடும். பாட்டிமார் நம்மிடையே உள்ளபோதே அதனைக் கேட்டுப் பழகி, இறைவனுக்குப் படைத்து, அக்கம்பக்கத்தாருடன் பகிர்ந்து உண்போமாக.