கல்வராயன் மலைக்கேற்ற பாதரக்ஷை

விடுமுறை நாட்களில் மலையேறச் செல்லும் வழக்கம் நம் கல்லூரி மாணவருட் பலருக்கு உண்டு. புறப்படுமுன் அவர்கள் கட்டுச்சோற்றைப்பற்றிப் பேசுவர்; வண்டிக் கூலியைப்பற்றிப் பேசுவர்; படம் பிடிக்கும் கருவியைப்பற்றி வெகுநேரம் பேசுவர். காலில் இடுவதைப்பற்றி ஒருவரும் பேசக் கேட்டிலேன். யானும் பேசாதிருந்தவருள் ஒருவனே. அதனால் எனக்கு நேர்ந்ததையும், நேர்ந்தபின் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சார்ந்தது. வடபாலுள்ள சின்னக் கல்வராயன் ஏறக்குறைய 2,700 அடியும், தென்பாலுள்ள பெரிய கல்வராயன் ஏறக்குறைய 4,000 அடியும் உயரமுடையன. 2019-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி, விழுப்புரத்தினின்று பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து மேலே ஏறினால் வெள்ளிமலை என்னும் ஊரை அடையலாம். கோடையில் இம்மலைப் பாதைகளில் எதை அணிந்து நடந்தாலும் பெரிய குறையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டபின்னரோ, நேற்று ஒற்றையடிப் பாதையாயிருந்தது இன்று ஓடையாகும், செம்மண் சறுக்குமரமாகும், பாறையின்மேற் படர்ந்த பாசி எண்ணெய் பூசியது போலாகும்.

அத்தகைய கார்த்திகை மாதமொன்றில் யாங்கள் அறுவர் வெள்ளிமலைப் பக்கம் சென்றோம். வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசமொன்றில் சில ஆண்டுகள் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய என் மைத்துனர், தாம் அங்கே வாங்கிய வேட்டை பூட்ஸ் ஒன்றை எனக்குத் தந்திருந்தார். கணைக்காலின் பாதிவரை உயர்ந்து, உள்ளே மெத்தை வைத்து, நீர் புகாதபடி அமைந்த பெரும் பூட்ஸ் அது. எட்டாண்டுகளாகப் பீரோவில் இருந்தமையாற் புதியதுபோலவே விளங்கிற்று. அதனை அணிந்து கண்ணாடிமுன் நின்றபோது எனக்குண்டான பெருமிதத்தை இப்பொழுது நினைத்தால் நகைப்பே வருகின்றது.

ஏறத்தொடங்கி ஒரு மணி நேரத்திற்குள் மழைநீர் ஒரு துளியும் புகாமலே உள்ளே கால் முழுதும் நனைந்துவிட்டது. அத்தனையும் என் வியர்வை. பின்னர் ஓரோடையைக் கடக்கையில் முழங்கால் அளவு நீர் பூட்ஸின் வாயிலின் வழியே உள்ளே புகுந்தது, புகுந்தது வெளியேறவில்லை. நீர் புகாத பாத்திரம் நீர் ஒழுகாத பாத்திரமுமன்றோ! இரண்டு குடங்களைக் காலிற் கட்டிக்கொண்டு நடப்பவன்போல் நடந்தேன். அதன்பின் இறக்கத்தில் வலக்காலின் அடித்தோல் குதிகாலோடு பெயர்ந்து தனியே நின்றுவிட்டது. யான் பாறையிற் சறுக்கிப் பத்தடி கீழே ஒரு மரத்தின் வேரைப் பற்றி நின்றேன். அவ்வேர் அங்கில்லாதிருந்தால் இக்கட்டுரையை வேறொருவர் எழுதவேண்டியிருந்திருக்கும்.

எங்கட்கு வழிகாட்டியாய் வந்த மலையாளிப் பெரியவர் காலில் டயர்ச் செருப்பு அணிந்திருந்தார். ஓடை வந்தால் அதனைக் கழற்றிக் கையிற் பிடித்துக்கொள்வார். கரையேறியதும் காலை உதறி மீண்டும் அணிந்துகொள்வார். அவர் என் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு தம்பி இவ்வளவு கனம்?” என்றார். “கால் நனையாமலிருக்க, ஐயா” என்றேன். “நனைஞ்சா காயும். வழுக்கினா?” என்றார். பிறகு ஒரு கொடியை அறுத்து அடித்தோலை என் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அக்கட்டு ஊர் வரும்வரையில் அவிழவில்லை.

இனி, வேட்டை பூட்ஸ் என்பது யாது? நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் வேட்டை குற்றமாதலின், அப்பெயர் நமக்கு வெறும் பெயரே. அமெரிக்காவின் வடபகுதிகளில் மான் வேட்டையாடுவோர் உறைபனியில் விடியற்காலந்தொட்டு மணிக்கணக்காய் ஓரிடத்தில் அசையாது காத்திருப்பர். அசையாதவன் காலிற் சூடு பிறவாது. பிறந்த சிறிது சூட்டையும் வெளியே விடாது காக்கவே உள்மெத்தை வைக்கப்படுகின்றது. அத்தகைய பூட்ஸ்களில் 200, 400, 800 என்று எண் குறித்திருக்கும். அவ்வெண், உள்ளிட்ட நார்மெத்தை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடையுள்ளது என்பதைக் காட்டுவது. எண் பெரிதாயின் பூட்ஸ் உயர்ந்தது என்று நம்மவர் எண்ணுவது பிழை. உட்கார்ந்திருப்பவனுக்கு 800 வேண்டப்படும் இடத்திலும், நடப்பவனுக்கு 200 போதும். செங்குத்தில் ஏறுபவனுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே வேண்டா. நீர் உறையாத கல்வராயனில் ஏறுபவன் மெத்தை வைத்த பூட்ஸ் அணிவது, சித்திரை வெயிலில் கம்பளி போர்த்துவதற்கு ஒப்பாகும். இமயத்திற்கோ, பனிக்காலத்தில் வெளிநாட்டிற்கோ செல்லும் நம் பழைய மாணவர்க்கு அது வேண்டப்படும். நமக்கு நல்ல உறையே போதும்.

ஈரத்தைத் தடுக்கும் முயற்சியின் வரலாறு சுவையுடையது. சார்லஸ் குட்இயர் என்பார் 1839-இல் ரப்பரைக் கந்தகத்தோடு காய்ச்சிப் பதப்படுத்தும் முறையைக் கண்டு, 1844-இல் அதற்கு உரிமை பெற்றார். அதற்குமுன் ரப்பர் வெயிலில் இளகிக் குளிரில் வெடிக்கும் பண்டமாயிருந்தது. 1912-இல் அமெரிக்காவின் மெயின் நாட்டவராகிய எல். எல். பீன் என்பார், வேட்டையில் தம் கால் நனைவதைப் பொறாமல், அடியில் ரப்பரும் மேலே தோலுமாக ஒரு பூட்ஸ் செய்வித்தார். முதலில் விற்ற 100 ஜோடிகளில் 90 ஜோடிகள் தோலும் ரப்பரும் பிரிந்து திரும்பி வந்தன. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கிக் குறையைத் திருத்தி மீண்டும் விற்றார். வியாபாரம் செய்யும் நம் பழைய மாணவர்கள் இச்செய்தியைக் குறித்துக்கொள்ளலாம். 1969-இல் பாப் கோர் என்பார் கண்ட நுண்டுளைப் படலம், நீர்த்துளியைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியே விடுவது. எனினும், உள்ளே ஈரமும் சூடும் மிகுந்து வெளியே அவை குறைந்திருந்தாலன்றி ஆவி வெளியே செல்லாது. மழைக்காலத்தில் நம் மலைக் காற்றே நீராவி நிறைந்ததாதலின், அப்படலத்தின் திறமை இங்கே பாதியும் தோன்றுவதில்லை.

வெப்ப நாட்டுக் காடுகளில் அலைந்த படைகள் இதனை நன்குணர்ந்தன. 1960-களில் வியட்நாமில் அமெரிக்கப் படையினர் அணிந்த காட்டு பூட்ஸின் மேற்பகுதி விரைவில் உலரும் துணியால் ஆனது. உட்பாதத்தின் ஓரத்தில், புகுந்த நீர் வெளியேறும்படி சிறு துளைகளும் இருந்தன. நீரை வரவொட்டாது தடுப்பதை விட்டு, வந்த நீரைப் போகவிடுவது என்னும் எண்ணம் அது. கச்சிராயபாளையத்திற்கு மேலே நடப்பவர்க்கு இதுவே ஏற்றது என்பது என் துணிபு. கான்வாஸோ நைலான் வலையோ மேலாகவும், நல்ல ரப்பர் அடியாகவும், கணுக்காலை மூடுவதாகவும் உள்ள லேசான பூட்ஸ் போதும். ஓரிடத்தில் நின்று சேற்றில் வேலை செய்பவர்க்கு கம்பூட்ஸ் தக்கதே. நெடுந்தூரம் ஏறி இறங்க அது ஆகாது, குதிகாலைப் பிடித்து நிறுத்தாமையால்.

ஆயினும் ஈரத்தை அலட்சியம் செய்யலாகாது. நாளெல்லாம் சேற்றில் நின்று நாற்று நடும் நம் உழவர்க்கு விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணை அறியாதவர் யார்? முதல் உலக யுத்தத்தில் பதுங்குகுழிகளில் ஈரக்காலோடு நின்ற போர்வீரர் பல்லாயிரவர் கால் அழுகி வருந்தினர். நாள்தோறும் காலைத் துடைத்து உறையை மாற்றவேண்டும் என்ற கட்டளை பிறந்தபின்னரே அந்நோய் தணிந்தது. ஆகவே இரவு தங்குமிடத்திற் காலை நன்கு உலர்த்துவதும், உலர்ந்த உறை ஒரு ஜோடியை எண்ணெய்க் காகிதத்திற் பொதிந்து வைத்திருப்பதும் இன்றியமையாதன. பருத்தி உறை நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை உரசிக் கொப்புளம் எழுப்பும். மெல்லிய கம்பளி உறையே நன்று. நனைந்தும் அது மென்மை கெடாது. வெறுங்காலே சிறந்தது என்று வாதிப்பாரும் உளர். கொக்கிப்புழு ஈரமண்ணினின்று உள்ளங்காலின் தோலைத் துளைத்தே உடம்பிற் புகுகின்றது என்பதையும், புற்களில் விரியன் கிடப்பதையும் அவர்கள் எண்ணிப்பார்ப்பாராக.

உயிரைக் காப்பது அடித்தோலே. 1935-இல் இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் அறுவர் ஏற்ற பாதரக்ஷையின்றிக் குளிரில் மாண்டனர். அவர்களுடைய தோழராகிய விதாலே பிரமானி அத்துயரத்தால் உந்தப்பட்டு, 1937-இல் ஆழ்ந்த பற்களையுடைய ரப்பர் அடியைச் செய்து உரிமை பெற்றார். இன்று மலையேறுவோர் அணியும் அடிகள் பலவும் அதன் வழிவந்தனவே. பற்கள் சேற்றிற்கு உதவுவன. அவை அகன்று நின்றால்தான் அடைத்த சேறு தானே உதிரும். ஈரப்பாறைக்கோ பல்லைவிட ரப்பரின் மென்மையே முக்கியம். நகத்தால் அழுத்தினால் சிறிதும் இடங்கொடாத கடும் பிளாஸ்டிக் அடி, பார்வைக்கு எத்துணைப் பற்கள் உடையதாயினும், பாசியிற் கால் வைத்ததும் கைவிடும். ஜப்பானியர் மலையோடைகளில் ஏறும்பொழுது வைக்கோற் செருப்பு அணிந்துவந்தனர். இக்காலத்தில் அதற்கீடாக அடியிற் கம்பளிநமுதா ஒட்டிய பாதரக்ஷை அணிகின்றனர். நம் பெரியவரின் டயர்ச் செருப்பும் இவ்வினத்தைச் சார்ந்ததே.

கடையில் வாங்கும்பொழுது மாலையிற் செல்க. பகலெல்லாம் நடந்த கால் சிறிது பருத்திருக்கும். மலையில் அணியப்போகும் உறையையே அணிந்து பார்க்கவேண்டும். ஏறுகையிற் குதிகால் எழும்பாமலும், இறங்குகையிற் கால்விரல் முன்னே முட்டாமலும் இருத்தல் வேண்டும். இதனை அறியச் சமதரை பயன்படாது. கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்தலே வழி. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இறங்குகையிற் பெருவிரல் நகம் கறுத்துப்போனவர்க்கு இதன் அருமை தெரியும்.

தோல் பூட்ஸ் விரும்புவோர்க்கு ஒரு சொல். ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோல் பதனிடுதல் தமிழ்நாட்டின் பழந்தொழில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்திற் குரோம் பதனீட்டைப் பரப்பினார். அத்தோல் நீரையும் சூட்டையும் மிகுதியாய்த் தாங்குவது. இன்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கங்களிற் செய்யும் பாதரக்ஷைகள் கடல் கடந்து செல்கின்றன. அப்படியிருக்க நாம் கடல் கடந்து வந்ததை அணிந்து வழுக்கி விழுவானேன்!

என் பூட்ஸின் அடி பெயர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகின்றேன். அடித்தோலுக்கும் மேற்றோலுக்கும் இடையே பாலியுரேதேன் என்னும் நுரைப்பொருள் ஓர் அடுக்காக வைக்கப்படுவதுண்டு. காற்றிலுள்ள ஈரம் ஆண்டுகள் பலவற்றில் அதன் கட்டமைப்பைச் சிறிது சிறிதாகச் சிதைத்துவிடும். அணியாது வைத்திருந்தால் அது காக்கப்படும் என்பதில்லை; காற்றோட்டமற்ற புழுக்கமான பீரோவில் அது விரைந்தே கெடும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தோன்றாது; மலையில் பாரம் ஏறியதும் பிஸ்கோத்துப்போல் உதிர்ந்துவிடும். திரும்பி வந்ததும் இடக்காலுக்குரியதை மேசைமேல் வைத்து விரலால் அமுக்கினேன். அதுவும் பொடியாகக் கொட்டிற்று. என் மைத்துனரிடம் இன்னும் இதனைச் சொல்லவில்லை.

நனைந்த பூட்ஸை அடுப்பருகே வைத்தல் ஆகாது. தோல் வெடிக்கும், பசை இளகும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஈரம் ஊறியதும் மாற்றி, நிழலில் உலர்த்துக. வருகின்ற கார்த்திகையிலும் யாங்கள் வெள்ளிமலைக்குச் செல்ல எண்ணியிருக்கின்றோம். உடன்வர விரும்பும் மாணவர்கள் தத்தம் பூட்ஸை ஒரு வாரம் முன்னரே வெளியே எடுத்து, அடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, மைதானத்தை நான்கு முறை சுற்றி வந்தபின் எம்மிடம் பெயர் கொடுப்பாராக.