டின்னில் அடைத்த சைவ வாத்து கெடாதிருப்பது ஏன்?

புரட்டாசி மாதத்தில் மாமிசம் விலக்கும் தமிழர்கள் மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைகளில் காணக்கூடிய சீனச் சைவ டின் உணவுகளுள், சோயாச் சாற்றில் வெந்த ‘சைவ வாத்து’ விசித்திரமானது. துறந்த மாமிசத்தின் தோற்றத்தை மட்டும் துறக்காதிருக்கும் இந்த ஆசையின் ரகசியம் எனக்கு விளங்கியதில்லை. பிசைந்த கோதுமை மாவை நீரில் அலச, மாவுச்சத்து பால்போல் கரைந்தோட, கிளையடின், குளூட்டெனின் என்னும் புரதங்கள் பின்னிப் பிணைந்து ரப்பர்போல் நீளும் குளூட்டனாக எஞ்சுகின்றன. வாத்தாக வேஷம் பூணுவது அதுவே.

அது மாதக்கணக்கில் கெடாதிருப்பதன் சூட்சுமம் உஷ்ணத்திலும் காற்றுப் புகாத மூடியிலும் அடங்கியது. பிரெஞ்சுக்காரரான நிக்கோலா அப்பேர் 1810-இல் இம்முறையை நூலாக வெளியிட்டபோது, உணவு கெடுவதற்குக் கிருமிகளே காரணம் என்பது அவருக்குத் தெரியாது. அதை நிரூபித்தவர் பின்வந்த பாஸ்டர்.

ஆனால் காற்றை விலக்குவது மட்டும் போதாது: பிராணவாயு இல்லாத இடத்திலேயே விருத்தியாகும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள் 100 டிகிரி செல்சியஸ் கொதிநீரிலும் பிழைக்கக்கூடியவை. புளிப்பு மிகுந்த, அதாவது பி.எச். அளவு 4.6-க்குக் குறைந்த, ஊறுகாயில் அவை முளைப்பதில்லையாயினும், புளிப்பற்ற குளூட்டனில் முளைக்குமாதலால், மூடிய டின்களை நீராவி அழுத்தத்தில், உட்பகுதியும் ஏறக்குறைய 121 டிகிரியை எட்டும்படி, குறைந்தது மூன்று நிமிஷ அளவுக்கு ஈடான வெப்பம் பெறச் செய்கின்றனர். வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமும் இதுவே.

உள்ளே கிருமி வளர்ந்திருக்கக்கூடுமாதலால், உப்பிய டின்னை ருசிபாராமலே எறிந்துவிட வேண்டும். திறந்ததில் மீந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைக்கலாம்.