பேசாத பிள்ளைக்குக் காத்திருக்கலாமா?

போன ஆடிப் பதினெட்டுக்குப் பொள்ளாச்சியில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பேரனுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. வாசலுக்கும் கொல்லைக்கும் துறுதுறுவென்று ஓடுகிறான். ஆனால் "கண்ணு, இங்க வா சாமி" என்று நாலு தரம் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. சுற்றுகிற மின்விசிறியிலேயே கண். 'அம்மா' என்ற ஒரு சொல்கூட வாயில் வரவில்லை.

"ஏனுங்க அண்ணி, டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?" என்றேன்.

"அட போ அம்மணி! அவங்கப்பன் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசும்."

இந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு அடிவயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

என் தம்பி 1984-ல் பிறந்தான். பிறந்தவுடன் அழவில்லை, உடம்பெல்லாம் நீலம் பாரித்திருந்தது என்பாள் அம்மா. எட்டு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. "நிக்கும், நிக்கும்" என்றாள் அமுச்சி. கயிறு மந்திரித்துக் கட்டினார்கள், மொட்டை போட்டார்கள். டாக்டரிடம் போனபோது வயது நாலு. பிரசவ நேரத்தில் மூளைக்குப் பிராணவாயு போதாமல் வருகிற மூளை முடக்குவாதம் என்றார். பயிற்சி இல்லாததால் தசைகள் இறுகி, முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, மற்ற பிள்ளைகள் பயந்துகொள்ளும் என்று திருப்பி அனுப்பினார்கள். விருந்தாளி வந்தால் அவன் உள்ளறையில் இருப்பான். என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவன் இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

அன்று சாயந்திரம் பாத்திரம் கழுவும்போது நாத்தனாரின் மருமகளிடம் மெல்லச் சொன்னேன். அவளும் பல நாளாகப் பயந்துகொண்டுதான் இருந்தாளாம். மாமியாரிடம் சொல்லத் தைரியமில்லை.

குழந்தை பேசவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது காது. காதில் விழாத சொல் வாயில் எப்படி வரும்? தட்டைத் தட்டிப் பார்ப்பதெல்லாம் சோதனை ஆகாது. அதற்கென்று கருவிகள் இருக்கின்றன, பிறந்த குழந்தைக்கே செய்யலாம். காது கேட்கவில்லை என்று தெரிந்தால், ஆறு வயதுக்குள் இருக்கிற தகுதியுள்ள பிள்ளைகளுக்கு உள்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே உண்டு. நம் பக்கம் மாமன் மகன், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கொடுத்து எடுப்பது வழக்கமாயிற்றே; பிறவியிலேயே காது கேளாமை வர அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும்.

இவனுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இளம் தாய்மார்களே, பால்புட்டியோடு இந்தக் கணக்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். நாலாம் மாதம் முடிவதற்குள் கழுத்து நிற்க வேண்டும். ஒன்பது மாதத்தில் பிடிமானமில்லாமல் உட்கார வேண்டும். ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதில் நடையும் சில சொற்களும், இரண்டு வயதில் 'பால் வேணும்' மாதிரி இரண்டு சொல் சேர்த்த பேச்சும். கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். ஆனால் தள்ளிப் போனால் காட்டிவிடுவது நல்லது. முதல் மூன்று வருஷத்தில்தான் மூளை வேகமாக வளர்கிறது; பயிற்சியும் அப்போதுதான் நன்றாகப் பிடிக்கும்.

எங்கே காட்டுவது? 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும், ஒருமுறை அரசுப் பள்ளிக்கும் வந்து பரிசோதிக்க வேண்டும். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை மருத்துவர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில், செலவில்லாமல் கிடைப்பதற்காக ஏற்பட்டது அது.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். 2016-ம் வருஷச் சட்டம் வந்தபின், என் தம்பியைத் திருப்பி அனுப்பியதுபோல எந்த அங்கீகாரம் பெற்ற பள்ளியும் அனுப்ப முடியாது. முன்பு ஏழு வகைக் குறைபாடுகளே சட்டத்தில் இருந்தன, இப்போது 21. ஆட்டிசமும், எழுத்துக் கூட்டத் தடுமாறுகிற கற்றல் குறைபாடும் அதில் அடக்கம். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, பெறுவது உரிமை. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து சொல்லித் தருவதும் உண்டு. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள் என்ற சலுகைகள் வேறு.

சொல்லித்தர ஆசிரியர்கள் வேண்டுமே? அவிநாசிலிங்கம் ஐயா 1930-ல் தொடங்கிய பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே ஆசிரியர் பயிற்சி நடக்கிறது. அவர் பெயரிலுள்ள பெண்கள் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் தனித் துறை இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பெண்ணை என்ன படிக்க வைக்கலாம் என்று யோசிப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதல் படி தனித்துவ அடையாள அட்டை. கலெக்டர் ஆபீசிலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் மாதம் 1,500-லிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. பெரிய தொகை இல்லைதான். அட்டை வாங்கினால் அக்கா கல்யாணம் தட்டிப்போகும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அந்த அக்காவே நான்தான், எனக்குக் கல்யாணம் ஆகத்தான் செய்தது!

பேரன் இப்போது பயிற்சிக்குப் போகிறான். இன்னும் பேச்சு வரவில்லை. ஆனால் தாகமெடுத்தால் டம்ளரைக் கொண்டுவந்து அம்மா கையில் வைக்கிறான். "எம்பட பேரன் தண்ணி கேக்கறான்" என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்கிறார்.

என் தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது. எழுபது வயதில் அம்மாதான் இன்னும் அவனைக் குளிப்பாட்டுகிறாள். "எனக்கப்புறம் யாரு கண்ணு?" என்பாள். 1999-ம் வருஷ தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ உள்ளவருக்கு 18 வயதானபின் சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமிக்கலாம். கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். இது எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது. படிவத்தை வாங்கி வந்து மேஜைமேல் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல என்ன யோசனை? உன் பேரப் போடு" என்றார். அடுத்த திங்கட்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போகிறோம்.