பொன்முடி மலைப்பாதையும் முன்கவை எண்ணெயும்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், அகத்தியர் மலையை உள்ளடக்கிய மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ளது பொன்முடி. விதுரை, கல்லாறு ஆகிய ஊர்களைக் கடந்து மேலேறும் பாதையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. மோட்டார் சைக்கிளில் செல்வோர்க்கு ஏற்றம் இன்பந் தருவது. இறக்கமோ வண்டியின் குறைகளையெல்லாம் எடுத்துக்காட்டிவிடும்.

நாம் ஒருமுறை அவ்விறக்கத்தில் நடுங்கிப் போனோம். பிரேக்கு அழுத்தும்போது வண்டியின் முன்புறம் மிகவும் தாழ்கிறது என்று பட்டறையில் சொன்னதற்கு, முன்கவையில் கெட்டியான எண்ணெயை ஊற்றி அனுப்பியிருந்தனர். நகரத்துச் சாலையில் குறை ஒன்றும் தோன்றவில்லை. மலையிலோ, சரளை பெயர்ந்திருந்த ஒரு வளைவில் முன்சக்கரம் தரையைப் பற்றாமல் துள்ளித் துள்ளி விளிம்பை நோக்கி நகர்ந்தது. நல்வினைப் பயனால் எதிரே பேருந்து ஏதும் வரவில்லை.

இது ஏன் நேர்ந்தது? முன்கவையின் இரு குழாய்களிலும் சுருள்வில்லும் எண்ணெயும் உள்ளன. 1935-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நிறுவனமான பி.எம்.டபிள்யூ. விற்பனைக்கு விடுத்த ஆர் 12 வண்டியிலேயே இவ்வமைப்பு இடம்பெற்றிருந்தது. பாரத்தைத் தாங்குவது வில். வில் ஓயாமல் ஆடிக்கொண்டிராதபடி அடக்குவது, சிறு துளைகளின் வழியே பிதுங்கிச் செல்லும் எண்ணெய். எண்ணெய் மிக நீர்த்திருப்பின், ஒரு பள்ளத்தைக் கடந்த பின்னும் வண்டி படகுபோல் ஆடும். மிகக் கெட்டியாயிருப்பின், அமுங்கிய கவை அடுத்த மேடு வருமுன் நீளாது. மேடுகள் அடுத்தடுத்து வரவர மேலும் மேலும் சுருங்கி இறுகிவிடும். நமக்கு நேர்ந்தது இதுவே.

இங்கே பலர் மயங்கும் இடம் ஒன்றுண்டு. கெட்டியான எண்ணெய், முன்புறம் தாழும் வேகத்தைத்தான் குறைக்கும். எவ்வளவு தாழும் என்பதைக் குறைக்காது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாது பிடித்திருந்தால், முடிவில் வில்லின் வலிமைக்கேற்ற ஆழத்துக்கு அது தாழ்ந்தே தீரும். ஆகவே நமக்கு வேண்டியிருந்தது வேறு வில்லேயன்றி வேறு எண்ணெயன்று.

எண்ணெய்ப் புட்டியில் காணும் 5, 10, 15 முதலிய எண்களை ‘வெயிட்’ என்பர். உண்மையில் அது எடையன்று, பாகுத்தன்மையின் குறியீடு. அதிலும் ஒரு நிறுவனத்தின் 10, மற்றொன்றின் 15-க்கு நிகராய் இருத்தல் கூடும். 40 பாகை செல்சியசில் எத்தனை சென்டிஸ்டோக் என்று தயாரிப்பாளர் தரும் கணக்கே நம்பத்தக்கது. இரு எண்ணெய்களை ஒப்பிடுவோர் அதனையே பார்த்தல் வேண்டும். ஒரே நிறுவனத்தின் 10-ஐயும் 15-ஐயும் சமமாய்க் கலந்தால், ஏறத்தாழ இடைப்பட்ட தரம் கிடைக்கும்.

வடபுலத்தில் வாழும் நம்மவர் இன்னொன்றும் அறிதல் நலம். குளிரில் எண்ணெய் கெட்டிப்படும். சென்னையிலிருந்து கொண்டுசென்ற வண்டி தில்லியில் சனவரி மாதக் காலையில் விறைப்பாய்த் தோன்றுவது இதனாலேயே. சிறிது தூரம் ஓடிய பின் சீராகிவிடுமாயின், எண்ணெயை மாற்றவேண்டுவதில்லை. வெப்பநிலை மாறினும் பாகுத்தன்மை அதிகம் மாறாத எண்ணெய்களும் கடைகளில் கிடைக்கின்றன. விலைதான் சற்றுக் கூடுதல்.

தரத்தை மாற்ற எண்ணுமுன், வண்டியுடன் வந்த கையேட்டில் குறித்த எண்ணெயையே புதிதாய் ஊற்றிப் பார்க்கவேண்டும். பழைய எண்ணெய் உழைத்து நீர்த்திருக்கும். பெரும்பாலும் குறை அதனோடு தீர்ந்துவிடும். இரு குழாய்களிலும் அளவு ஒத்திருத்தல் இன்றியமையாதது. மட்டம் உயர்ந்தால் மேலேயுள்ள காற்றிடம் குறைந்து, கவை முழுதும் அமுங்கும் தறுவாயில் கடினமாகும். எண்ணெய் கசியவும் கூடும். அதன் பின்னும் மாற்றம் தேவையெனில், ஒரு படி மட்டும் மாற்றி, பழகிய அதே சாலையில் ஓட்டிப் பார்க்கலாம்.

நாம் மீண்டும் கையேட்டில் கண்ட தரத்தையே ஊற்றி, நம் எடைக்கேற்ற வில்லைப் பொருத்திக்கொண்டு, அடுத்த மாதமே பொன்முடிக்குச் சென்றோம். அந்தச் சரளை அப்படியேதான் கிடந்தது; சக்கரம் அதன்மேல் தரையைவிட்டு எழாமல் உருண்டு சென்றது.