அணு எண்ணும் மூளைப் படமும்

தனிம வரிசை அட்டவணையை நடத்தும்போது, அணு எண்ணின் பயனை மூளை சி.டி. ஸ்கேன் கொண்டு விளக்குவது என் வழக்கம்.

மூளை இரத்தக்குழாய்ச் சுவர் பலவீனமாகிப் பலூன்போல் வீங்குவது அனியூரிசம். அது வெடிக்காமலிருக்க, உள்ளே மெல்லிய பிளாட்டினக் கம்பிச்சுருளை வைத்து அடைப்பார்கள். அல்லது கழுத்துப் பகுதியில் டைட்டானியக் கிளிப் பொருத்துவார்கள். பின்னர் எடுக்கும் சி.டி. படத்தில் உலோகத்தைச் சுற்றிக் கறுப்பு, வெள்ளைக் கோடுகள் விழும். அருகில் புதிய இரத்தக்கசிவு இருந்தால் அதையும் அவை மறைத்துவிடலாம்.

டைட்டானியத்தின் அணு எண் 22, பிளாட்டினத்துக்கு 78. அணு எண்ணும் அடர்த்தியும் கூடினால் எக்ஸ் கதிர் அதிகம் உட்கவரப்படும். ஆகவே பிளாட்டினச் சுருளைத் தாண்டி மிகக் குறைந்த கதிர்களே உணர்வியை அடைகின்றன. படத்தை உருவாக்கப் போதிய தரவு கணினிக்குக் கிடைப்பதில்லை.

இதைச் சரிசெய்யும் மென்பொருள், உலோகம் கெடுத்த அளவீடுகளை நீக்கி, அக்கம்பக்க அளவீடுகளிலிருந்து மதிப்பிட்டு நிரப்புகிறது. கோடுகள் குறைகின்றன. ஆனால் திருத்தத்தால் புதிய பிழைகளும் தோன்றலாம். எனவே திருத்திய படத்தைத் திருத்தாத படத்துடன் ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

தொடக்க வகுப்பிலும் இதைச் செய்து பார்க்கலாம். மணிக்கொரு முறை குறித்த வெப்பநிலை 28, 29, __, 31 என்று எழுதுங்கள். மாணவர்கள் 30 என்பார்கள். "அது அளந்ததா, மதிப்பிட்டதா?" என்று கேளுங்கள்.