மச்சு பிச்சு வழியில் இருபது கிலோ

பெரு நாட்டில் உருபாம்பா ஆற்றங்கரையில் தொடங்கி, சூரிய வாசல் வழியாக மச்சு பிச்சுவில் முடியும் ஏறத்தாழ 43 கிலோமீட்டர் கல்பாவிய மலைவழிதான் இன்கா பாதை. நடக்க நான்கு பகல், மூன்று இரவு. குஸ்கோ நகரிலிருந்து வரும் ரயில் தடத்தின் 82-ஆவது கிலோமீட்டரில் நடை தொடங்குகிறது. அந்த எண்ணே அந்த இடத்துக்குப் பெயராகிவிட்டது. வழியில் மூன்று கணவாய்கள். முதலாவது 4,215 மீட்டர் உயரம். பாதை முடியும் மச்சு பிச்சுவோ 2,430 மீட்டரில்தான் இருக்கிறது. ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கித்தான் அங்கே போய்ச் சேர முடியும்.

இந்தப் பாதையில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் புறப்படலாம். 2001-இல் வந்த விதிகளுக்குப் பிறகு, உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் நடக்கக் கூடாது. அனுமதிச் சீட்டு பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்கே எழுதப்படும். இன்னொருவருக்கு மாற்றித் தர இயலாது. மே முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களுக்கான சீட்டுகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துபோகின்றன. மழை கொட்டும் பிப்ரவரியில் பாதையை மூடிப் பழுதுபார்க்கிறார்கள். இவ்வளவும் பயணக் கையேடுகள் எல்லாவற்றிலும் இருக்கும். ஆனால் அந்த 500 பேரில் பயணிகள் சுமார் 200 பேர்தான். மற்ற 300 பேர் வழிகாட்டிகள், சமையல்காரர்கள், எல்லோரிலும் கூடுதலாகச் சுமையாளர்கள். மலை பார்க்க வரும் ஒவ்வொரு இருவருக்கும் மூன்று பேர் உழைக்கிறார்கள். கல்தளம் சிதைந்துவிடும் என்பதால் கணவாய்களைத் தாண்டும் இந்த வழியில் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் இடமில்லை. கூடாரம், அரிசி, உருளைக்கிழங்கு, எரிவாயு உருளை, சாப்பாட்டு மேசை, நாற்காலி என்று எல்லாமே மனித முதுகில்தான் போகின்றன.

இன்காக்கள் காலத்திலும் ஏறக்குறைய இப்படித்தான். அவர்களிடம் குதிரை இல்லை. சக்கர வண்டியும் இல்லை. அதனால்தான் அவர்களுடைய சாலை செங்குத்தான இடங்களில் தயங்காமல் படிக்கட்டாக மாறியது. இன்றைய ஆறு நாடுகளில் பரவிக்கிடக்கும் அந்தச் சாலைவலையின் நீளம் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர். 2014-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதில் நடந்தவை மனிதக் கால்களும் லாமாக்களின் கால்களும். லாமாவின் பாதம் மெத்தென்று இருப்பதால் கல்லுக்குச் சேதமில்லை. அது சுமப்பது 25 முதல் 30 கிலோ வரை. அதற்கு மேல் ஏற்றினால் படுத்துக்கொள்ளும், எழுப்ப முடியாது. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டுதான் பின்னால் வரும் கிலோ கணக்கைப் படிக்க வேண்டும்.

சாலை போட்டதும் காசு வாங்கிய கூலியாட்கள் அல்ல. 'மித்தா' என்னும் முறைப்படி ஒவ்வொரு ஊரும் முறை வைத்து ஆட்களை அனுப்பியது. வரிக்குப் பதில் உழைப்பு. உழைக்கும் நாட்களில் சோறும் சிச்சா என்னும் சோள மதுவும் அரசுக் களஞ்சியத்திலிருந்து வரும். ஸ்பானியர் வந்தபின் அதே சொல் பொதோசி வெள்ளிச் சுரங்கத்தின் கட்டாய வேலைக்குப் பெயரானது. அதன்பிறகு பண்ணையார்கள் காலம். 1969-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தம்வரை ஆண்டீஸ் மலைக் குடியானவர்களில் பலர் பண்ணைக்கு இலவசமாக உழைத்துக் கொடுத்தவர்கள். இன்று இன்கா பாதையில் மூட்டை தூக்கும் கெச்சுவா மொழிக்காரர்கள் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். உருளைக்கிழங்கும் சோளமும் பயிரிடும் மலைக் கிராமங்களிலிருந்து, விவசாய வேலை குறையும் மாதங்களில் இறங்கி வருகிறார்கள். தங்களுக்குள் 'வைக்கி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். கெச்சுவாவில் அதற்கு உடன்பிறந்தவன் என்று பொருள்.

1990-களில் இந்த மலைநடை உலகப் புகழ் பெற்றபோது, ஒரு முதுகுக்கு எத்தனை கிலோ என்று யாரும் வரையறுக்கவில்லை. 40 கிலோவும் அதற்கு மேலும் சுமந்தவர்கள் உண்டு. லாமா படுத்துக்கொள்ளும் எடையைத் தாண்டியபின்னும் மனிதன் நடந்தான். இரவில் பயணிகள் சாப்பிட்டு எழுந்த பிறகு அதே சாப்பாட்டுக் கூடாரத்தின் தரையில் பாய்கூட இல்லாமல் படுத்தார்கள், மீந்ததைச் சாப்பிட்டார்கள். 2001-இல் பெரு நாடாளுமன்றம் சுமையாளர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது; குறைந்தபட்ச நாள்கூலி, காப்பீடு, சாப்பாடு, தூங்க இடம் எல்லாம் தரவேண்டும். 2022-இல் வந்த புதிய சட்டம் பெண் சுமையாளர்களுக்கு 15 கிலோ என்று வரம்பு வைத்தது. நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே செய்த வேலையில் இப்போது பெண்களும் சேர்ந்து வருகிறார்கள்.

சட்டம் இருக்கிறது, தராசும் இருக்கிறது. பாதையின் தொடக்கத்திலேயே சோதனைச் சாவடியில் ஒவ்வொரு மூட்டையையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். 20 கிலோவோடு, சுமையாளரின் சொந்தப் போர்வைக்கும் உடைக்கும் 5 கிலோ சேர்த்து 25 வரை அனுமதிக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் தராசுக்கு முன்னால் ஒரு கணக்கு, தராசைத் தாண்டிய பின் இன்னொரு கணக்கு என்ற புகார் ஓய்ந்தபாடில்லை. எடை போடும் நேரத்தில் சில பொருள்களை வழிகாட்டியின் பைக்கும் பயணியின் பைக்கும் மாற்றிவிடுவார்கள். வளைவு திரும்பியதும் அவை மறுபடி சுமையாளரின் முதுகுக்கு வந்து சேரும். ஒருவர் பாதி வழியில் நோயுற்றுத் திரும்பினால் அவருடைய மூட்டை மற்றவர்களுக்குப் பங்காகும். அடுத்த பருவத்திலும் வேலை வேண்டும் என்பவர் அதிகாரியிடம் வாய் திறப்பது கடினம். 43 கிலோமீட்டர் மலைவழியில் ஓரிரு இடத்தில் மட்டும் தராசு இருப்பது போதாது.

முதல் நாள் சுலபம். ஆற்றோரமாக நடந்து, பத்தயக்தா என்னும் பெரிய இன்கா ஊரின் அடுக்கு வயல்களை மேலிருந்து பார்த்துக்கொண்டே 3,000 மீட்டரை ஒட்டிய வாய்யாபம்பா கிராமத்தை அடையலாம். இரண்டாம் நாள்தான் பாதையின் பெயரைக் கேட்டாலே நடந்தவர்களின் நினைவுக்கு வருவது. ஒரே ஏற்றமாக 1,200 மீட்டர். உச்சியில் வார்மி வன்யுஸ்கா, அதாவது இறந்த பெண்ணின் கணவாய். தூரத்திலிருந்து பார்த்தால் மல்லாந்து படுத்த பெண்ணைப் போல் மலைமுகடு தெரிவதால் அந்தப் பெயர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். பத்து படி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். குஸ்கோவில் இரண்டு மூன்று நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்ளாமல் வந்தவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் இங்கேதான் முற்றும்.

அதே படிகளில் சுமையாளர்களின் நாள் வேறு மாதிரி. விடியலில் பயணிகளுக்குக் கோக்கா இலைத் தேநீர் கொடுத்து எழுப்பிவிட்டு, அவர்கள் புறப்பட்ட பிறகுதான் கூடாரங்களைப் பிரித்து, பாத்திரம் கழுவி, மூட்டை கட்டுகிறார்கள். பிறகு ஓட்டமும் நடையுமாகப் பயணிகளைத் தாண்டிப் போய், அவர்கள் வந்து சேர்வதற்குள் மதிய உணவைச் சமைத்து வைக்க வேண்டும். பிறகு பாத்திரங்களைக் கழுவி மூட்டை கட்டி, மறுபடி முந்திப் போய், கணவாய்க்கு அப்பால் 3,600 மீட்டரில் உள்ள பக்காய்மாயோ முகாமில் இரவுக் கூடாரத்தை அடிக்க வேண்டும். ஆக, ஒவ்வொரு நாளும் ஒரே கூட்டத்தை அவர்கள் இருமுறை கடக்கிறார்கள். பின்னாலிருந்து 'போர்ட்டர்!' என்று குரல் வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது வழிகாட்டி முதல் நாளே சொல்லித்தரும் பாடம்.

மலைக்காரர்களுக்கு இது பழக்கம்தானே என்று பயணிகள் பலர் ஆறுதல் அடைவதுண்டு. பாதி உண்மை. ஆண்டீஸ் மக்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடுதல். தலைமுறை தலைமுறையாக மெல்லிய காற்றில் வாழ்ந்த உடல்கள் அவை. ஆனால் அந்த அனுகூலம் மூச்சுக்கு மட்டுமே உரியது. முழங்காலுக்கும் முதுகெலும்புக்கும் அப்படிப்பட்ட பாரம்பரியம் எதுவும் இல்லை. 20 கிலோ மூட்டையோடு ஈரக் கல்படியில் இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் மூட்டில் விழும் அடி, மலையில் பிறந்தவருக்கும் சமவெளியில் பிறந்தவருக்கும் ஒன்றுதான். பழைய டயரில் வெட்டிய செருப்பு அணிந்தே வெகுகாலம் இந்தப் படிகளில் இறங்கினார்கள். இப்போது பல குழுக்களில் காலணி கொடுக்கிறார்கள். களைப்புக்குத் துணை கோக்கா இலை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போல, இலையோடு சாம்பலில் பிசைந்த காரக் கட்டியைச் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார்கள். பசியும் குளிரும் மட்டுப்படும். கணவாயில் மூன்று இலைகளை விரலிடுக்கில் பிடித்து, 'அப்பு' எனப்படும் மலைத்தெய்வத்தை நோக்கி ஊதி வணங்கிவிட்டுத்தான் மறுபக்கம் இறங்குகிறார்கள்.

மூன்றாம் நாள், பாதையின் அழகெல்லாம் சேர்ந்து வரும் நாள். இரண்டாம் கணவாய்க்கு ஏறும் வழியில் வட்டமான ருங்குராக்காய். தங்குமிடமோ காவல்நிலையோ என்று இன்னும் வாதம் நடக்கிறது. அடுத்து சாயக்மார்க்கா. மூன்று பக்கமும் பள்ளம். ஒடுங்கிய படிவரிசை ஒன்றே நுழைவழி. இங்கிருந்து மூன்றாம் கணவாய்வரை உள்ள கல்தளத்தின் பெரும்பகுதி இன்கா காலத்தது. பாறைப்பிளவை அகலப்படுத்திச் செதுக்கிய சுரங்கவழி ஒன்றும் உண்டு. பிறகு மேகத்துக்கு மேல் உள்ள ஊர் எனப் பொருள்படும் புயுபத்தமார்க்கா; அதன் கல் தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் இன்றும் வழிகிறது. அங்கிருந்து ஆயிரக்கணக்கான படிகளில் சுமார் 1,000 மீட்டர் இறங்கினால் வின்யாய் வைனா. என்றும் இளமை என்று பொருள். 1940-களின் தொடக்கத்தில்தான் அதன் புதர்கள் அகற்றப்பட்டன. மச்சு பிச்சுவைவிட அதையே அதிகம் நேசிப்பவர்கள் இருக்கிறார்கள். வளைந்த அடுக்கு வயல்கள் மலைச்சரிவோடு ஒட்டி இறங்கும் அழகைப் பார்த்தால் அது மிகையாகத் தோன்றாது. முழங்காலை முறிக்கும் படிகளும் இந்த இறக்கத்தில்தான்.

இந்த வேலை கிராமத்துக்குக் கொண்டுவரும் ரொக்கப் பணம், பள்ளிச் செலவுக்கும் விதைக்கும் உதவுகிறது என்று பயண ஏற்பாட்டாளர்கள் சொல்வதில் உண்மை உண்டு. 500 பேரே கற்களுக்கு அதிகம் என்று தொல்லியலாளர்கள் கவலைப்படுவதும் நியாயம்தான். ஊன்றுகோலின் இரும்பு முனைக்கு ரப்பர் மாட்டாமல் நடக்கக் கூடாது என்ற விதி அதனால்தான் வந்தது. ஊன்றுகோல் முனையைப் பார்க்கும் அளவு கவனம் முழங்கால்களுக்குக் கிடைப்பதில்லை.

மலிவான பயணத் திட்டம் எப்படி மலிவாகிறது என்று பார்த்தால் இது புரியும். அனுமதிக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்று. மச்சு பிச்சு நுழைவுச் சீட்டும் ரயில் கட்டணமும் ஏற்பாட்டாளரின் கையில் இல்லை. குறைக்க முடிந்தவை இரண்டுதான்: சுமையாளர்களின் எண்ணிக்கை, அவர்களின் கூலி. பத்து மூட்டையை எட்டு முதுகில் ஏற்றினால் விலை இறங்கிவிடும். ஆகவே சீட்டு வாங்குமுன் கேட்க வேண்டியது மாலை உணவில் எத்தனை வகை என்பது அல்ல. எத்தனை பயணிக்கு எத்தனை சுமையாளர், அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், அவர்களுக்குத் தனிக் கூடாரமும் பாயும் உண்டா என்பவையே. பயணியின் துணிப்பைக்கும் வழக்கமாக 7 கிலோ என்று வரம்பு இருக்கிறது. தூக்கப் பையும் பாயும் அதற்குள் அடக்கம். அதில் இரண்டு கிலோ குறைத்தால், எட்டுப் பேர் கொண்ட குழுவில் 16 கிலோ மிச்சம். ஏறக்குறைய ஒரு முழு முதுகுச் சுமை.

கடைசி இரவு வின்யாய் வைனா முகாமில், 2,650 மீட்டரில். வழக்கப்படி அன்று மாலையோ முந்தைய இரவோ பயணிகளும் சுமையாளர்களும் எதிரெதிரே நின்று பெயர் சொல்லி, நன்றி கூறி, அன்பளிப்பைக் கொடுத்துப் பிரிகிறார்கள். மறுநாள் அதற்கு நேரம் இருக்காது. நான்காம் நாள் பயணிகளை அதிகாலை மூன்று, மூன்றரைக்கே எழுப்பிவிடுவார்கள். சோதனைச் சாவடி திறப்பது ஐந்தரை மணிக்கு. இருட்டில் இரண்டு மணிநேரம் வரிசையில் காத்திருக்க வேண்டும். சூரிய உதயத்துக்காக என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம், சுமையாளர்கள் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு கீழே ஓடிப்போய் உள்ளூர்க்காரர்களுக்கான விடியற்காலை ரயிலைப் பிடித்தாக வேண்டும் என்பதே. அதை விட்டால் ஊர் திரும்புவது கடினம்.

சாவடி திறந்ததும் பயணிகள் மலைவிளிம்பை ஒட்டிய வழியில் சூரிய வாசலுக்கு நடக்கிறார்கள். கடைசியில் கைகளையும் ஊன்றி ஏறவேண்டிய செங்குத்துப் படிவரிசை. அதைத் தாண்டினால் 2,700 மீட்டருக்குச் சற்று மேலே இரு கல்தூண்கள், அவற்றுக்கு அப்பால் கீழே மச்சு பிச்சு. மேகம் விலகும் நாளில் அந்த ஊர் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். மூன்று நாள் அவர்களுக்குச் சோறு ஆக்கிச் சுமந்தவர்கள் அந்நேரம் ஆற்றங்கரையில் ரயிலில் ஏறிக்கொண்டிருப்பார்கள். பருவத்துக்குப் பலமுறை இந்தப் பாதையில் நடந்தும் மச்சு பிச்சுவுக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்காதவர்கள் அவர்களில் உண்டு.