நடுத்தூர ஓட்டமும் மும்பைச் சிறுவர்களும்

எண்ணூறு மீட்டர் ஓட்டத்தைப் பலர் வேகப் பந்தயமென்றே கருதுகின்றனர். உடலியல் கூறுவது வேறு. இவ்வோட்டத்திற்கு வேண்டிய சக்தியில் 60 சதவீதத்திற்குக் குறையாத பகுதி, சுவாசிக்கும் பிராணவாயுவைக் கொண்டே உண்டாகிறது. 1,500 மீட்டரில் இப்பகுதி 80 சதவீதத்தை எட்டுகிறது. கிராஸ் கண்ட்ரி எனப்படும் திறந்தவெளி ஓட்டத்தில் அது இன்னும் மிகுதி. பிராணவாயுவின்றித் தசைகள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிச் சக்தி பெறும் வழியோ, பருவமெய்தாத சிறுவரிடம் முழு வளர்ச்சி அடைந்திராது. ஆதலின், பன்னிரண்டு வயதுச் சிறுவனை நாள்தோறும் மூச்சுத் திணற விரட்டுவதால் பயன் சிறிது; களைப்பே மிகுதி.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு இதனைச் சோதனைச்சாலையிலன்றிச் சாலையிலேயே கண்டறிந்தார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல், நீண்ட தொலைவு ஓடி அடித்தளமிட்ட பின்னரே வேகப் பயிற்சி மேற்கொண்டு, 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். வளர்ந்தோர் ஓடிய தொலைவைச் சிறுவர்க்கு அளித்தலாகாது. அந்த வரிசைமுறையே கொள்ளத்தக்கது. வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாட்கள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், இருபது நிமிடம் போதும். பேச இயலாதவன் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதற்கு நிறுத்து கடிகாரம் தேவையில்லை. அது ஆசிரியரின் சட்டைப்பையில் இருப்பதே நலம். முழங்காற் சில்லுக்குக் கீழே வலிப்பதாகக் கூறும் சிறுவனைச் சோம்பேறியென எண்ணாது ஓய்வெடுக்கச் செய்க. வளரும் எலும்பில் தசைநார் பற்றியுள்ள இடம் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும்.

தமிழர் மிகுதியாக வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் இடத்தோடு காற்றையும் கருத வேண்டும். தாராவியின் சந்துகளில் ஓட இயலாது. மாட்டுங்காவை அடுத்த ஐந்து தோட்டங்களின் மரநிழற் சாலைகள் அதற்கு ஏற்றவை. கோடையில் விடியற்காலையே சிறந்தது. குளிர்காலத்திலோ இவ்விதி மாறுகிறது. குளிர்ந்த காற்று தரையையொட்டித் தேங்குவதால், வாகனப் புகையும், செம்பூரில் தொழிற்சாலைப் புகையும் வைகறையில் கலையாது நிற்கும். ஓடுபவன் வாய்வழியே பன்மடங்கு காற்றை உட்கொள்கிறான். அம்மாதங்களில் மாலைப்பொழுதே பெரும்பாலும் மேலானது. புகைமூட்டம் கண்ணுக்குத் தெரியும் நாளில் ஓட்டத்தையே விட்டுவிடலாம்.

அக்டோபர் மாதம் தனி எச்சரிக்கைக்குரியது. மழை ஓய்ந்து வெப்பம் மீளும்போது காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாவதில்லை, உடல் குளிர்வதில்லை. உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். அதுவரை தொலைவைப் பாதியாக்குக. ஓடுகின்ற சிறுவன் தள்ளாடினாலோ, கேட்டதற்குத் தொடர்பின்றி விடையளித்தாலோ, அது உயிருக்கே ஆபத்தான நிலை. நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுக. குளிர்விப்பதை நிறுத்தாமலேயே மருத்துவ உதவிக்கு ஆளனுப்புக.

சிறுமியர் திடீரெனப் பின்தங்குவதற்கு இரத்தசோகையே காரணமாயிருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினர் இரத்தசோகை உடையோர். பயிற்சியைக் கூட்டுமுன் இரத்தப் பரிசோதனை செய்விப்பது நன்று. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை உணவுக்குப் பின் உட்கொள்ளச் செய்க. அதனோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். ஆதலின் இரண்டிற்குமிடையே ஒரு மணி நேரமேனும் கழியட்டும்.